கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, நாமே சேர்ப்பதா?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறான். வீட்டிலிருந்தே போய்வருகிறான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தால் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மானிட்டர் உட்பட 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் முடியாது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, தானே சேர்க்கப் போவதாகச் சொல்கிறான். என் அண்ணன், "நாளைக்குப் பழுதானால் யாரிடம் போய் நிற்பாய், கம்பெனி சிஸ்டமாக வாங்கு" என்கிறார். இதற்கிடையில் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்கே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் விளம்பரத்தைப் பார்த்தேன். எனக்கு இதில் எதுவும் தெரியாது. யார் சொல்வதைக் கேட்பது? எங்கள் தெருவில் அடிக்கடி கரன்ட் போய்வரும். அதனால் பழுதாகுமா? கரன்ட் பில் எவ்வளவு கூடும்?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 22,000 ரூபாய் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அதில் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பணம் வீண். ஐ7 என்ற பெயரை இன்டெல் 2008 முதல் பயன்படுத்திவருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய எண்ணைப் போடாமல் ஐ7 என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் 2011, 2012 வாக்கில் வந்த 2600, 3770 போன்ற சிப்தான். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய சிஸ்டங்களிலிருந்து எடுத்தவை அவை. 2022இல் வந்த ஐ3-12100 என்ற சாதாரண பிராசஸரே அவற்றைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்த '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' அநேகமாக ஜிடி 730 ஆக இருக்கும். 2014இல் வந்தது, மானிட்டரில் படம் தெரிய வைக்கும், வீடியோ பார்க்கலாம், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி இருக்கிறது என்பதை வைத்து அதன் வேகத்தைச் சொல்ல முடியாது. இது தெரியாத பெற்றோரைக் குறிவைத்துத்தான் அந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பழைய பிராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. உங்கள் மகன் வேலோரன்ட் ஆடுகிறானா என்று கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் ஆடுகிறார்கள். விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு திறக்க வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளும் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டில் டிபிஎம் 2.0 கிடையாது.

இனி உங்கள் வீட்டு வாதம். மகன் ஒரு வழி சொல்கிறான், அண்ணன் ஒரு வழி சொல்கிறார். நம் ஊரில் இதற்கு நடுவே மூன்றாவது வழியும் வெகுகாலமாக இருக்கிறது: அசெம்பிள்டு சிஸ்டம். சென்னை ரிச்சி தெருவிலோ மதுரை, கோவைக் கடைகளிலோ பாகங்களின் பட்டியலைக் கொடுத்தால் கடைக்காரரே சேர்த்து, ஓட்டிக் காட்டிக் கையில் கொடுப்பார். ரெடிமேட் சட்டை வாங்காமலும் நாமே தைக்காமலும், பிடித்த துணியை எடுத்துத் தையல்காரரிடம் கொடுக்கிறோம் இல்லையா, அதுபோல. சேர்ப்பதற்கான கூலி மொத்த விலையில் மிகச் சிறு பங்கு. எல்லாப் பாகங்களையும் ஒரே இடத்தில் வாங்கினால் பல கடைகள் அதையும் கேட்பதில்லை.

அதனால் ஸ்க்ரூ முடுக்குவது யார் என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. அது ஒரு பிற்பகல் வேலை. பாகங்களின் பட்டியலை எழுதியது யார், அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் இருக்கின்றனவா, பழுதானால் பொறுப்பேற்பது யார் என்ற மூன்றையும்தான் நான் பார்ப்பேன். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் ரெடிமேடாக வாங்கினாலும் சரிதான். கிடைக்காவிட்டால் எந்த வழியில் போனாலும் ஏமாற இடமிருக்கிறது.

அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. கம்பெனி சிஸ்டத்துக்கு ஒரே போன் எண், ஒரே பில். பல கம்பெனிகள் வீட்டுக்கே ஆள் அனுப்புகின்றன. விண்டோஸ் உரிமத்தோடு வரும். தனியாக வாங்கினால் அதற்கே பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். தவணை வசதியும் கிடைக்கும். வீட்டில் இதைத் தெரிந்தவர் யாரும் இல்லை, அருகில் நம்பகமான கடையும் இல்லை என்றால் நானே கம்பெனி சிஸ்டத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் அவர் பயப்படும் வாரண்டி விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கம்பெனி சிஸ்டத்துக்கு வாரண்டி பெரும்பாலும் 1 ஆண்டு, சிலவற்றுக்கு 3 ஆண்டு. கூட்டிக்கொள்ளத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தனித்தனியாக வாங்கும்போது பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 3 ஆண்டு கிடைக்கிறது. நல்ல எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5 ஆண்டு. பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், நல்லதாக இருந்தால் அதற்கு 5 முதல் 10 ஆண்டுகூட உண்டு. ஆக, வாரண்டி குறையவில்லை. அலைச்சல்தான் கூடுகிறது: எந்தப் பாகம் போயிற்று என்று நாமே கண்டுபிடித்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நாமே கொண்டுபோக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து அதற்கு மதுரைக்கோ கோவைக்கோ ஒரு நடை போக நேரலாம்.

கம்பெனி சிஸ்டத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. விளம்பரத்தில் மூன்று விஷயங்களை மட்டும் பெரிதாகப் போடுவார்கள்: பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் எத்தனை ஜிபி. மதர்போர்டு எது, எஸ்எம்பிஎஸ் எது, கேபினட்டுக்குள் காற்று போக வழி இருக்கிறதா என்று எழுத மாட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான். 16 ஜிபி என்று போட்டு, ஒரே ஸ்டிக்காகப் பொருத்தியிருப்பார்கள். அதே 16ஐ இரண்டு 8 ஆகப் போட்டால் பிராசஸர் இரண்டு பாதைகளில் ரேமுடன் பேசும். பல விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் கூடும். மதர்போர்டோ சில கம்பெனிகளில் அவர்களுக்கென்றே செய்த வடிவத்தில் இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரும் அப்படியே. வாரண்டி முடிந்த பிறகு அது போனால் ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் பொருந்துகிற மாற்றுப் பாகம் கிடைக்காது. கம்பெனி சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும், அதுவும் அவர்களிடம் இருப்பு இருந்தால்.

பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதையும் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கார்டு 2022இல் 8 ஜிபியோடு வந்தது. 2024இல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்றை விட்டார்கள். குறைந்தது நினைவகம் மட்டும் என்று நினைப்போம். உள்ளே கணக்கிடும் கோர்களும் 2560இலிருந்து 2304 ஆகக் குறைந்திருக்கின்றன; நினைவகத்தின் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியிருக்கிறது. சிஸ்டத்தின் அட்டைப் பெட்டியில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் இருந்தால் எது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் முழு மாடல் எண் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். வீடுகளில் நான் பார்த்த பழுதுகளில் அதிகம் வருத்தம் தந்தவை இதில் தொடங்கியவைதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எடுத்து 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டி. கிராபிக்ஸ் கார்டு பழுதானால் கார்டு மட்டும் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதாகிப் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும். கேபினட்டோடு இலவசமாக வரும், 500 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பெட்டியைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டத்தில் ஒருபோதும் போட விடாதீர்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்; எடையே இருக்காது.

'80 பிளஸ் பிரான்ஸ்' என்ற முத்திரையைப் பாருங்கள் என்று கடையில் சொல்வார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த முத்திரை சொல்வது ஒன்றை மட்டும்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதை. வோல்டேஜ் கூடினால், ஷார்ட் ஆனால், அளவுக்கு மேல் இழுத்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. அதற்கு மாடலின் பெயரைப் பிடித்து, அதைப் பிரித்துச் சோதித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். இந்த வேலையை உங்கள் மகனிடம் விடுங்கள், ஆர்வத்தோடு செய்வான். உங்கள் தொகைக்கு 550 அல்லது 650 வாட், 5 ஆண்டாவது வாரண்டி உள்ளது போதும். இந்த ஓர் இடத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கேபினட், கலர் விளக்கு போன்றவற்றில் குறைத்துக்கொள்ளலாம்.

80,000 ரூபாய்க்குள் என்ன வாங்க முடியும்? மற்ற ஆண்டுகளில் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லியிருப்பேன். 2025 பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. உலகில் ரேம் சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றுதான். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்கள் கேட்கும் உயர்விலை நினைவகத்தின் பக்கம் மூன்றும் திரும்பிவிட்டன. மைக்ரான் தன் குரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வீட்டுக்கு இரண்டு ஸ்டிக் வாங்கப் போகிறவர் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எஸ்எஸ்டி விலையிலும் அந்தச் சூடு தெரிகிறது.

கம்பெனி சிஸ்டத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். பெரிய கம்பெனிகள் பாகங்களை மொத்தமாக, முன்பே பேசிய விலையில் எடுத்திருக்கும். பழைய இருப்பில் செய்த சிஸ்டம் சில நேரம் அதே பாகங்களைத் தனியாக வாங்குவதைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்துவிடும். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2020, 2021இல் சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ நாணயச் சுரங்கமும் சேர்ந்துகொண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சந்தையிலிருந்து துடைத்து எடுத்தன. கார்டு ஒன்றுக்காகவே முழு சிஸ்டத்தையும் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டால் நாணயம் எடுப்பதை நிறுத்திய பிறகு சந்தை மூச்சுவிட்டது. அப்போது வெளியே தள்ளப்பட்ட, இரவு பகலாக ஓடிய கார்டுகள் இன்னமும் பழைய பொருள் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. முதல் கம்ப்யூட்டருக்கு பில் இல்லாத பழைய கார்டு வேண்டாம்.

ஆகவே மகனை உட்கார வைத்து இரண்டு பத்திகளாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் கம்பெனி சிஸ்டத்தின் விலை, மறுபக்கம் அதே பாகங்களைத் தனியாக வாங்கினால் ஆகும் விலை. விண்டோஸ் உரிமத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் தனியாக வாங்குவதே மேல். பத்தாயிரத்துக்கு மேல் கம்பெனி சிஸ்டம் குறைவாக இருந்தால், அதன் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பொதுவான வடிவத்தில் இருக்கின்றனவா என்று கடையில் கேட்டுவிட்டு அதையே வாங்குங்கள்.

தனியாக வாங்குவதானால், மானிட்டரும் 80,000இல் அடங்க வேண்டும் என்பதால், இன்றைய நிலவரத்தில் நான் டிடிஆர்4 என்ற முந்தைய வகை ரேம் போடக்கூடிய மதர்போர்டுப் பலகையோடு நிறுத்திக்கொள்வேன். பிராசஸர் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை, இரண்டிலும் 6 கோர். ரைசனின் புதிய ஏஎம்5 பலகைக்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும், அங்கே கைக்காசு கரைந்துவிடும். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். விளையாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டில் போட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600 இரண்டில் ஒன்று இந்தத் தொகைக்குப் பொருந்தும். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். 1080பி திரைக்குப் போதும், சில புதிய விளையாட்டுகளில் மட்டும் படத் தரத்தை ஒரு படி இறக்க வேண்டிவரும். கல்லூரியில் மெஷின் லேர்னிங் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் என்விடியா கார்டு நல்லது. அந்தத் துறையின் மென்பொருள் பலவும் என்விடியாவின் 'கூடா' (CUDA) தளத்தை வைத்தே எழுதப்படுகின்றன.

இதில் ஒரு சமரசம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ரைசன் 5 5600 பொருந்தும் ஏஎம்4 பலகைக்கு இனிப் பெரிதாக எதுவும் புதிதாக வராது. ஆனால் அது வாழ்ந்த வாழ்வைப் பாருங்கள்: 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரைப் போட முடிந்தது. பாகங்களைத் தானே தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். மூன்று வருடம் கழித்து முழு சிஸ்டத்தையும் தூக்கிப்போடாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். உங்கள் மகனும் வேலைக்குப் போன பிறகு தன் சம்பளத்தில் இதே கேபினட், இதே எஸ்எம்பிஎஸ், இதே எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

சேர்க்கும் வேலையைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். அவன் கணினி அறிவியல் படிக்கிறான். வகுப்பில் படமாகப் பார்க்கும் பிராசஸரையும் ரேமையும் கையால் தொட்டுப் பொருத்தும் வாய்ப்பு எல்லா மாணவருக்கும் கிடைப்பதில்லை. நான் அவன் பக்கம் நிற்பதற்கு விலையைவிட இது பெரிய காரணம். கனெக்டர்கள் தவறான இடத்தில் நுழையாதபடிதான் பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கின்றன. எச்சரிக்கை வேண்டிய இடங்கள் சிலவே. அவற்றை அவனுக்காகவே எழுதுகிறேன், படிக்கக் கொடுங்கள்.

தம்பி, பிராசஸரைப் பொருத்தும்போது அழுத்தாதே. ஏஎம்4 சிப்பின் அடியில் மெல்லிய பின்கள் இருக்கும். இன்டெல் என்றால் பின்கள் பலகையின் சாக்கெட்டில். வளைந்தால் வாரண்டி கிடையாது. மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் பொருத்து. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்து. நண்பனிடம் இருக்கும் வேறு கம்பெனிக் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நுழையவும் செய்யும்; உள்ளே வயர் வரிசை வேறாக இருந்தால் எஸ்எஸ்டியும் போர்டும் அந்த நிமிடமே எரிந்துவிடும். நான்கு ஸ்லாட் பலகையில் ரேம் ஸ்டிக்குகள் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் போடு. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகு, மதர்போர்டில் அல்ல. எல்லாம் ஓடிய பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை இயக்கு, இல்லாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் அமைப்பில் திரையின் ஹெர்ட்ஸையும் பார். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60இலேயே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய.

சகோதரி, இதில் ஓர் ஆபத்து மட்டும் உண்மையானது. எல்லாம் சரியாகப் பொருத்தியும் டிஸ்ப்ளே வராமல் போகலாம். காரணம் ரேமா, போர்டா, கார்டா என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் மாற்றிப் போட இன்னொரு ரேம் ஏது? கடைக்காரரின் மேசையில் அது இருக்கிறது. அவருடைய பலம் அதில்தான் இருக்கிறது. ஆகவே நான் சொல்வது இது: பத்து ரூபாய் மிச்சம் பார்த்து ஐந்து இடங்களில் வாங்காமல், கிராபிக்ஸ் கார்டு உட்பட எல்லாவற்றையும் மதுரையில் நல்ல கடை ஒன்றிலேயே வாங்குங்கள். வாங்கும்போதே பேசிவிடுங்கள்: பையன் வீட்டில் சேர்ப்பான், டிஸ்ப்ளே வராவிட்டால் அப்படியே கொண்டுவருவோம், பார்த்துத் தர வேண்டும் என்று. இதற்கு ஒப்புக்கொள்ளாத கடைக்காரர் நாளை வாரண்டிக்கும் துணை நிற்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி எண், ஒவ்வொரு பாகத்தின் மாடல், சீரியல் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் – 1' என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வாங்காதீர்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத வரி மிச்சம் என்பார்கள். மிச்சமாவது வரி, போவது 3 ஆண்டு வாரண்டி. பிராசஸரை முத்திரையிட்ட பெட்டியோடு வாங்குங்கள். 'ட்ரே' என்று சொல்லி விலை குறைத்து வெறும் சிப்பாகத் தருவார்கள், அதற்குப் பொறுப்பு கடைக்காரர் மட்டும்தான். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறு வெளிப்பட்டபோது, பெட்டியில் விற்றவற்றுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. பெட்டியோடு வாங்குவதன் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 'இன்டர்நேஷனல் வாரண்டி' என்று சொல்லும் கிராபிக்ஸ் கார்டையும் தவிருங்கள். இந்தியாவில் முறையாக விற்ற பொருள்தானா என்று சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் அங்கேயே போட்டுப் பாருங்கள். வாரண்டி இருந்தும் கடையோ கம்பெனியோ தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம்.

விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. 'ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்' என்றால் பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல்தான். அதைத் திறக்கப் பயன்படுத்தும் சிறு புரோகிராம்களில் பாஸ்வேர்டு திருடும் வைரஸ் கலந்திருப்பது உண்டு. நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் இதே கம்ப்யூட்டரிலாக இருக்கலாம். உரிமத்துக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். அவன் ஆடுவதெல்லாம் ஸ்டீமில் உள்ள தனியாள் விளையாட்டுகள் என்றால் லினக்ஸே போதும். வால்வ் கம்பெனி 2018இல் கொண்டுவந்த புரோட்டான் வழியாக அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. வேலோரன்ட் ஓடாது.

கடைசியாகக் கரன்ட். இப்படிப்பட்ட சிஸ்டம் விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 முதல் 350 வாட் இழுக்கும். தினமும் 3 மணி நேரம் என்றால் சுமார் 1 யூனிட். இரண்டு மாத பில்லில் சுமார் 60 யூனிட். படிப்பு வேலைக்கு ஓடும்போது இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

மின்சாரம் போய்வருவதைப் பொறுத்தவரை, முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் வயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிப்பது அதனால்தான். அதன் பிறகு யுபிஎஸ். சாதாரணமாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவில் கரன்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடலாம். 1000 விஏ வாங்குங்கள். விளையாடுவதற்கு அல்ல, சேமித்துவிட்டு முறையாக அணைக்கும் சில நிமிடங்களுக்கு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பல மாடல்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். ஏப்ரல், மே வெயிலை நினைத்து, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டைத் தவிர்த்து வலை போட்டதாக எடுங்கள். தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

யுபிஎஸ் உங்கள் 80,000இல் இல்லை என்று நினைக்கிறேன். அதற்கென்று ஐந்தாறாயிரம் தனியே எடுத்துவைக்க முடியாவிட்டால் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி இறக்கியாவது வாங்குங்கள். மகன் பட்டியலை எழுதி முடித்ததும், பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் மாடல் எண்ணை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.